லண்டன் – பாரிஸ்: தூரம், பறக்கும் நேரம், வீட்டு வாசல் முதல் ஆகும் நேரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலிருந்து பாரிஸ் எத்தனை கிலோமீட்டர்?

வான்வழி நேர்த்தூரம் சுமார் 344 கி.மீ. லண்டனில் தூரம் அளக்கும் மையமான சேரிங் கிராஸ் முதல் பாரிஸில் அதே வேலையைச் செய்யும் நோத்ர் தாம் தேவாலய முகப்பு வரை அளந்த கணக்கு இது. மைலில் சொன்னால் 214, விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 186.

கடலடிச் சுரங்கம் வழியாக இரு நகரங்களையும் இணைக்கும் யூரோஸ்டார் ரயில் ஓடும் பாதையின் நீளம் 492 கி.மீ. காரில் போனால் கடலடிச் சுரங்கத்தையும் சேர்த்து 460 கி.மீ. அளவில் வரும்.

இணையத்தில் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு தூரம் போட்டிருக்கிறதே, எது சரி?

பெரும்பாலும் எல்லாமே சரிதான். அளக்கும் புள்ளிகள்தான் வேறு. லண்டனைச் சுற்றிப் பல விமான நிலையங்கள் இருக்கின்றன, பாரிஸிலும் ஒன்றுக்கு மேல் உண்டு. ஹீத்ரோ – சார்ல் து கோல் 348 கி.மீ., ஹீத்ரோ – ஓர்லி 367, கேட்விக் – சார்ல் து கோல் 308, கேட்விக் – ஓர்லி 327, லூட்டன் – சார்ல் து கோல் 380. கேட்விக் லண்டனுக்குத் தெற்கே பாரிஸ் பக்கமாகவே இருப்பதால் அங்கிருந்து தூரம் குறைவு. லூட்டன் வடக்கே இருப்பதால் விமானம் லண்டனைத் தாண்டித்தான் வர வேண்டும்.

விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கிறது. 348 கி.மீ.க்கு 25 நிமிடம் போதுமே? டிக்கெட்டில் ஏன் 1 மணி 20 நிமிடம் என்று இருக்கிறது?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. லண்டனில் விமானம் நிற்குமிடத்திலிருந்து பின்னால் தள்ளப்படும் கணம் முதல் பாரிஸில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் கணம் வரை கணக்கு. சக்கரம் தரையை விட்டு எழும்பி மறுபடி தரை தொடும் வரையிலான நேரம் பெரும்பாலும் 45 முதல் 55 நிமிடம். மீதி தரையில் போகிறது.

அந்த 45 நிமிடமும் நேர்கோட்டில் போவதில்லை. இந்த வட்டாரத்தில் காற்று பெரும்பாலான நாட்களில் மேற்கிலிருந்து வீசும். விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். பாரிஸ் இருப்பதோ லண்டனுக்குத் தென்கிழக்கே. ஆகவே ஹீத்ரோவில் மேற்கு நோக்கி, அதாவது பாரிஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பி, பிறகு தெற்கே வளைந்து தென்கிழக்காகத் திரும்ப வேண்டும். சார்ல் து கோலிலும் இதே கதை தலைகீழாக நடக்கும். வடமேற்கிலிருந்து வரும் விமானம் விமான நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போய், மறுபடி மேற்கு பார்த்துத் திரும்பி இறங்கும். இரண்டு வளைவுகளையும் சேர்த்தால் உண்மையில் பறக்கும் தூரம் 400 கி.மீ.யைத் தாண்டிவிடும். கிழக்குக் காற்று வீசும் நாளில் இரண்டு பக்கமும் சுற்று குறைந்து, விமானம் குறித்த நேரத்துக்கு முன்பே போய் நிற்பதுண்டு.

வேகமும் முழுதாகக் கிடைப்பதில்லை. பொதுவாக 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.தான் உச்ச வரம்பு. குறுகிய பயணம் என்பதால் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். 830 கி.மீ. வேகம் சில நிமிடங்கள்தான்.

தரையில் அவ்வளவு நேரம் எங்கே போகிறது?

ஹீத்ரோவில் ஓடுபாதைகள் இரண்டே. பகலில் பொதுவாக ஒன்று ஏறுவதற்கு, மற்றது இறங்குவதற்கு. உச்ச நேரத்தில் ஏறும் பாதை முனையில் விமானங்கள் வரிசை கட்டி நிற்கும். ஊர்ந்து போவதற்கும் வரிசைக்கும் சேர்த்து 20 நிமிடம் போவது சாதாரணம். சார்ல் து கோலில் நான்கு ஓடுபாதைகள் இருந்தும், இறங்கிய பாதையிலிருந்து முனையம் தொலைவாக இருந்தால் ஊர்ந்து வர 10 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும்.

ஐரோப்பிய வான்வெளியில் நெரிசல் இருக்கும் நாளில், இந்த நேரத்தில்தான் எழும்ப வேண்டும் என்று விமானத்துக்கு ஒரு நேரம் ஒதுக்கப்படும். அதற்கு 5 நிமிடம் முன்போ 10 நிமிடம் பின்போ எழும்பலாம், அதற்கு மேல் சலுகை இல்லை. கதவைச் சாத்திய பிறகும் விமானம் நகராமல் நின்று, விமானி ‘ஸ்லாட்டுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று அறிவித்தால் காரணம் இதுதான். கடைசிப் பயணி ஒருவர் தாமதமாக வந்ததால் அந்த ஒதுக்கீடு தவறினால் அடுத்தது அரை மணி தள்ளிக் கிடைக்கலாம். கேட் மூடும் நேரத்தில் இவ்வளவு கறாராக இருப்பது அதனால்தான்.

திரும்பி வரும்போது நேரம் கூடுமா?

காற்றினால் சில நிமிடம் கூடும். இவ்வளவு குறைந்த தூரத்தில் அது பெரிதாகத் தெரியாது. உண்மையான தாமதம் ஹீத்ரோவில் இறங்கும் வரிசையில்தான் நேர்கிறது. லண்டனைச் சுற்றி போவிங்டன், லாம்போர்ன், ஒக்கம், பிகின் ஹில் என்று நான்கு இடங்களுக்கு மேலே விமானங்களை அடுக்கடுக்காக, ஆயிரம் அடி இடைவெளியில் வட்டமிட வைத்து ஒவ்வொன்றாக இறக்குவார்கள். காலை உச்ச நேரத்தில் 10 நிமிடம் சுற்றுவது வழக்கமான ஒன்று. ஜன்னலில் அதே வயலும் அதே சாலையும் மறுபடி மறுபடி வந்தால் கவலைப்பட எதுவும் இல்லை.

மூடுபனி நாளில் இறங்கும் விமானங்களுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவார்கள். அன்று முதலில் ரத்தாவது இம்மாதிரிக் குறுந்தூர விமானங்கள்தான். அடுத்த விமானமோ ரயிலோ இருக்கிறது என்பதால் அவற்றைத் தியாகம் செய்வது எளிது. குளிர்காலத்தில் காலைக் கூட்டத்துக்கோ கல்யாணத்துக்கோ போகிறவர்கள் முந்தைய நாளே போய்விடுவது நல்லது.

இரு நகரங்களுக்கும் நேர வித்தியாசம் எவ்வளவு?

பாரிஸ் எப்போதும் ஒரு மணி நேரம் முந்தி இருக்கும். கோடைக்கால நேரத்துக்கும் குளிர்கால நேரத்துக்கும் இரு நாடுகளும் ஒரே கணத்தில் மாறுவதால் (மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு) இந்த வித்தியாசம் மாறுவதில்லை. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகும். லண்டனில் 07:00 மணிக்குப் புறப்பட்டால் பாரிஸில் 09:20, பாரிஸில் 10:00 மணிக்குப் புறப்பட்டால் லண்டனில் 10:20. போவதற்கு 2 மணி 20 நிமிடம், வருவதற்கு 20 நிமிடம் என்று படித்துக் குழம்ப வேண்டாம். இரண்டும் 1 மணி 20 நிமிடம்தான்.

எந்த விமான நிலையம் வசதி?

டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டிலிருந்து அங்கே போகும் செலவையும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

சவுத்தால், ஹேய்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஹீத்ரோ கைக்கெட்டும் தூரம், எலிசபெத் லைன் ரயிலில் சில நிலையங்கள்தான். குராய்டனிலிருந்து கேட்விக் ரயிலில் கால் மணி. லூட்டனுக்கு, யூரோஸ்டார் கிளம்பும் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலிருந்து தேம்ஸ்லிங்க் ரயில் பிடித்து, லூட்டன் ஏர்போர்ட் பார்க்வேயில் இறங்கி, அங்கிருந்து குட்டி ரயிலில் 4 நிமிடம் போக வேண்டும். இந்தக் கடைசி மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

பாரிஸ் பக்கம் சார்ல் து கோல் நகர மையத்துக்கு வடகிழக்கே சுமார் 25 கி.மீ., ஓர்லி தெற்கே சுமார் 14 கி.மீ. சார்ல் து கோலிலிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில், யூரோஸ்டார் வந்து நிற்கும் கார் து நோர் நிலையம் 25 முதல் 35 நிமிடம். வழியில் உள்ள புறநகரான லா கூர்நெவ் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ரயில்கள் விமான நிலையத்திலிருந்து நடுவில் எங்கும் நிற்காமல் நேராக கார் து நோர் போய்விடும். நடைமேடையில் தொங்கும் பலகையில் உங்கள் நிலையத்தின் பெயருக்கு எதிரே விளக்கு எரிகிறதா என்று பார்த்து ஏறுங்கள். ஓர்லிக்கு 2024 ஜூன் முதல் 14ஆம் எண் மெட்ரோ நேரடியாக ஓடுகிறது. நகர மையத்திலுள்ள சாத்லே வரை சுமார் 25 நிமிடம். அதற்கு முன்பு ஓர்லியைத் தவிர்த்தவர்கள் இப்போது தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

பாரிஸின் சாதாரண மெட்ரோ டிக்கெட் விமான நிலையத்துக்குச் செல்லாது. விமான நிலையத்துக்கென்று தனி டிக்கெட் இருக்கிறது. தவறான டிக்கெட்டில் போனால் வெளியேறும் கதவு திறக்காது, பரிசோதகரிடம் அபராதமும் கட்ட வேண்டி வரும்.

வீட்டு வாசல் முதல் பார்த்தால் விமானமா, ரயிலா?

நகரிலிருந்து நகருக்குப் போகிறவர்களுக்கு எங்கள் பதில்: ரயில்.

ஹீத்ரோ வழியாகப் போனால்: வீட்டிலிருந்து விமான நிலையம் 60 நிமிடம், புறப்பாட்டுக்கு முன் அங்கே 2 மணி நேரம், பயணம் 80 நிமிடம், பாரிஸில் பாஸ்போர்ட் வரிசையும் பெட்டியும் 40 நிமிடம், ரயிலுக்குக் காத்திருந்து கார் து நோர் வந்து சேர 45 நிமிடம். மொத்தம் 5 மணி 45 நிமிடம். கைப்பை மட்டும் என்றால் ஒரு மணி நேரம் குறைக்கலாம்.

யூரோஸ்டார்: வீட்டிலிருந்து செயின்ட் பாங்க்ராஸ் 45 நிமிடம், அங்கே 75 முதல் 90 நிமிடம், பயணம் மிக வேகமான ரயிலில் 2 மணி 16 நிமிடம். இறங்கியதும் நேராக வெளியே வரலாம். மொத்தம் நாலரை மணி நேரத்தை ஒட்டி முடியும். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் சோதனையை லண்டனிலேயே முடித்துவிடுவதுதான் காரணம், பாரிஸில் மறுபடி வரிசை கிடையாது. திரும்பும்போது பிரிட்டிஷ் சோதனையும் கார் து நோரிலேயே நடந்துவிடும்.

லண்டனில் தமிழர் அதிகம் வாழும் பகுதிகளிலிருந்து யூரோஸ்டார் நிலையத்துக்கு மாறாமல் போகவும் முடிகிறது. ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன், டூட்டிங் பிராட்வேயிலிருந்து நார்தர்ன் லைன் (பேங்க் வழியாகப் போவது), ஹாரோ ஆன் த ஹில், வெம்ப்ளி பார்க் நிலையங்களிலிருந்து மெட்ரோபாலிட்டன் லைன்; எல்லாமே கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ராஸில் நிற்கும். பாரிஸில் இறங்கினால் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் கடைத்தெரு நடை தூரம். கார் து நோர் நிலையத்திலிருந்து லாச்சப்பல் மெட்ரோவுக்கு உள்வழியே இருக்கிறது, மழை நாளில் பெட்டியோடு அதில் போவது சுலபம்.

விமானம் மேல் என்று சொல்லக்கூடிய இடங்களும் உண்டு: வீடு ஹீத்ரோ அல்லது கேட்விக் அருகில் இருந்தால், பாரிஸிலிருந்து வேறு விமானம் மாறினால், கடைசி நேரத்தில் ரயில் விலை ஏறிப்போயிருந்தால். ரயில் டிக்கெட் கிளம்பும் நாள் நெருங்க நெருங்க ஏறும். பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி நாட்களில் மலிவான இருக்கைகள் பல வாரங்களுக்கு முன்பே போய்விடும்.

எவ்வளவு நேரம் முன்னால் போக வேண்டும்?

விமானத்துக்கு, பெட்டி போடுவதாக இருந்தால் 2 மணி நேரம். பெட்டி வாங்கும் கவுன்டர் புறப்பாட்டுக்கு 40 முதல் 60 நிமிடம் முன்பு மூடும், நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். யூரோஸ்டாரில் சாதாரண டிக்கெட்டுக்கு நுழைவாயில் 30 நிமிடம் முன்பு மூடிவிடும். ரயில்தானே, ஓடிப்போய் ஏறிவிடலாம் என்ற நினைப்பு இங்கே செல்லாது.

பாஸ்போர்ட், விசா விஷயத்தில் எங்கே சிக்கல் வருகிறது?

இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவர்களுக்கு பிரிட்டனில் நிரந்தர வதிவிட உரிமை இருந்தாலும் பாரிஸ் போக ஷெங்கன் விசா (பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வேண்டும். அதேபோல் பிரான்ஸ் வதிவிட அட்டை லண்டனுக்குள் நுழைய உதவாது, பிரிட்டிஷ் விசா எடுக்க வேண்டும். பிரான்ஸ் வழங்கிய அகதிப் பயண ஆவணத்தில் வருபவர்களுக்கும் இதே நிலைதான்.

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள் தேசிய அடையாள அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது இன்னமும் நடக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் பெரும்பாலோருக்கு அது செல்லாது. பாஸ்போர்ட் வேண்டும், 2025 ஏப்ரல் 2 முதல் அதோடு இ.டி.ஏ. என்ற முன் அனுமதியும் வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் இரண்டு தேதிகளைப் பாருங்கள். பாரிஸுக்குள் நுழையும் நாளில் பாஸ்போர்ட் வழங்கப்பட்டு 10 ஆண்டுகள் கடந்திருக்கக் கூடாது. ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். முதல் விதியைக் கவனிக்காமல் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் அதிகம். ஏனென்றால் முன்பெல்லாம் பழைய பாஸ்போர்ட்டில் மீதமிருந்த மாதங்களைப் புதியதில் சேர்த்துக் கொடுத்தார்கள். முடிவுத் தேதி நன்றாகத் தெரியும், வழங்கிய தேதியோ பத்தாண்டைத் தாண்டியிருக்கும்.

பிரிட்டனில் வதிவிட அட்டைக்குப் பதில் இ-விசா என்ற இணையப் பதிவு வந்துவிட்டது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள் புதிய எண்ணைத் தங்கள் இணையக் கணக்கில் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள். பதியாவிட்டால் பாரிஸிலிருந்து திரும்பி ஏறும்போது நிறுவனத்தின் கணினியில் அனுமதி தெரியாமல் நிறுத்திவிடுவார்கள்.

விரல் ரேகை எடுக்கிறார்களாமே?

ஆம். 2025 அக்டோபர் 12 அன்று ஷெங்கன் எல்லைகளில் இ.இ.எஸ். என்ற பதிவு முறை படிப்படியாகத் தொடங்கியது. குறுகிய காலத் தங்கலுக்கு வரும், ஐரோப்பிய ஒன்றியம் சாராத நாட்டவரின் முகப்படம் எடுக்கப்படும்; விசா தேவையில்லாதவர்களுக்கு நான்கு விரல் ரேகையும் எடுக்கப்படும். 12 வயதுக்குக் கீழே ரேகை கிடையாது. பதிவு 3 ஆண்டு இருக்கும். பிரெஞ்சு வதிவிட அட்டை உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அட்டையை அதிகாரியிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள். முதல் தடவை பதியும் குடும்பங்கள் கூடுதலாக அரை மணி ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து லண்டன் வந்து, அங்கே மாறி பாரிஸ் போகலாமா?

போகலாம். ஆனால் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்களுக்கு லண்டனில் விமானம் மாறுவதற்கே இடைவழி விசா தேவை. சாதாரண ஷெங்கன் சுற்றுலா விசா இருப்பது மட்டும் போதாது. செல்லுபடியாகும் ஐரோப்பிய வதிவிட அட்டை வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. இரண்டு பயணத்தையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட எல்லையைக் கடக்க வேண்டும், முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது டிக்கெட் பணம் போனதுதான். ஒரே முன்பதிவாக எடுங்கள்.

விமானம் தாமதமானால் இழப்பீடு எவ்வளவு?

தூரம் பணமாக மாறும் இடம் இது. 1,500 கி.மீ.க்கு உட்பட்ட பயணம் என்பதால் பாரிஸிலிருந்து புறப்பட்டால் 250 யூரோ, லண்டனிலிருந்து புறப்பட்டால் 220 பவுன். டிக்கெட்டை 30 பவுனுக்கு வாங்கியிருந்தாலும் தொகை குறையாது. போய்ச் சேர்வது 3 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகியிருக்க வேண்டும். நேரம் தரை தொட்டதிலிருந்து அல்ல, விமானக் கதவு திறந்ததிலிருந்து கணக்கு. 2 மணி 55 நிமிடத்தில் ஒன்றும் கிடைக்காது. ஆகவே கதவு திறக்கும்போது மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் கைபேசியில் படமாக.

மோசமான வானிலை, பிரான்ஸ் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்றவை நிறுவனத்தின் கையில் இல்லாதவை, அவற்றுக்கு இழப்பீடு இல்லை. நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்தால் இழப்பீடு கேட்கலாம். காரணம் எதுவானாலும் 2 மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தால் சாப்பாடு, இரவு தங்க நேர்ந்தால் விடுதி, 5 மணி நேரத்தைத் தாண்டிப் பயணத்தைக் கைவிட்டால் டிக்கெட் பணம் திரும்ப ஆகியவை உங்கள் உரிமை. கவுன்டரில் கொடுக்க மறுத்தால் நியாயமான செலவைச் செய்து ரசீதை வைத்திருங்கள். இங்கிலாந்தில் 6 ஆண்டு வரை, பிரான்ஸில் 5 ஆண்டு வரை வழக்குத் தொடுக்கலாம்.

ஓர்லி போகும் கடைசி இரவு விமானத்தைத் தவிர்ப்பது நல்லது. அங்கே இரவு 23:30 முதல் காலை 06:00 வரை விமானங்கள் இயங்கத் தடை. லண்டனில் ஏற்பட்ட ஒரு மணி நேரத் தாமதம் அங்கே ரத்தாகவே முடியலாம்.

கார், பஸ்?

கார்: இங்கிலாந்துக் கரையிலுள்ள போக்ஸ்டனில் காரோடு ரயிலில் ஏறி 35 நிமிடத்தில் பிரான்ஸின் கலே பக்கம் இறங்கலாம். 50 கி.மீ. சுரங்கத்தில் 38 கி.மீ. கடலுக்கு அடியில். டோவர் – கலே கப்பல் சுமார் 90 நிமிடம். கலேயிலிருந்து பாரிஸ் சுமார் 290 கி.மீ., கட்டணச் சாலை. வேக வரம்பு 130, மழையில் 110. மொத்தம் ஆறு, ஏழு மணி நேரம். நான்கைந்து பேர் சாமானோடு போனால் செலவில் இதுவே மேல். பஸ் 8 முதல் 10 மணி நேரம். மலிவு, ஆனால் எல்லைச் சோதனைக்கு நடுராத்திரியில் எழுந்து இறங்க வேண்டியிருக்கும்.

சாப்பாட்டுச் சாமான் கொண்டு போகலாமா?

லண்டனிலிருந்து பாரிஸுக்கு இறைச்சி, தயிர், நெய், பால் இனிப்பு எதுவும் கொண்டு போகக் கூடாது. வீட்டில் சமைத்த ஆட்டுக்கறியும் இதில் அடங்கும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவரநலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, துரியன், பேரீச்சை ஐந்துக்கும் விலக்கு. கருவாடு 20 கிலோ வரை தடையில்லை. அரிசி மாவு, மிளகாய்த்தூள், பருப்பு பிரச்சினை இல்லை. குழந்தைகளுக்கான பால்மாவுக்கு 2 கிலோ வரை தனிச் சலுகை உண்டு, பாக்கெட் பிரிக்காததாக இருக்க வேண்டும்.

விமானத்தில் கைப்பையில் ஊறுகாய், சட்னி, சாம்பார் எல்லாம் திரவக் கணக்கில் சேரும். திரவ வரம்பைத் தளர்த்திய விமான நிலையங்கள் சில உண்டு, திரும்பி வரும் நிலையத்தில் 100 மி.லி. விதியே இருக்கலாம். யூரோஸ்டாரில் அந்த வரம்பு கிடையாது. ஊறுகாய்ப் பாட்டிலோடு போகிறவர்கள் மூடியை நன்றாக இறுக்கி, பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பை போட்டுக் கட்டினால் போதும்.